மூன்று புள்ளி

அன்புக்கரசிக்கு வந்த கடிதத்தில் ஒன்றரைப் பக்கத்துக்கு ஒரே வாக்கியம். அதைச் சம்சாத் பேகம் இரண்டு முறை சத்தமாகப் படித்தார். இரண்டாவது முறை பாதியிலேயே கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

“நீ இருளர் இல்லங்குறாங்க, அன்பு.”

“அப்ப நான் யாருன்னு போட்டிருக்குது?”

“அத எழுதல.”

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் சம்சாத் பேகத்துக்கு ஒரு சின்ன யூனிட் இருந்தது. கணவர் குவைத்தில் இருந்ததால் மண் வாங்குவதிலிருந்து பொம்மை விற்பது வரை எல்லாம் அவர்தான். அங்கே அன்புக்கரசிக்கு அச்சுக்குள் களிமண் கரைசலை ஊற்றி, இறுகியதும் பிரித்து, ஓரப் பிசிறைச் சுரண்டி, ஈரப் பஞ்சால் துடைத்து வைக்கும் வேலை. பதினோரு வருடமாக ஒரே தொட்டிக் கரைசலில் பிள்ளையாரும் மாதாவும் புத்தரும் ஊறுகாய் ஜாடியும் செய்துகொண்டிருந்தாள். எந்த அச்சில் ஊற்றுகிறோமோ அதுவாக வெளியே வந்தது. அதற்கு யாரும் அவளிடம் சான்று கேட்டதில்லை.

அவள் வீடு மணிமுத்தாற்றங்கரையில். மொத்தம் இருபத்திரண்டு வீடுகள், எல்லாரும் இருளர்கள். இதில் அவர்களுக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. சுற்றியிருந்தவர்களுக்கும் வந்ததில்லை. முன்பு டீக்கடையில் தனி டம்ளர் எடுத்துக் கொடுத்தவர்கள்கூட ஒரு தடவையும் தயங்கியதில்லை. சந்தேகம் சான்றிதழ் கேட்டபோதுதான் வந்தது.

மகள் யுவஸ்ரீ பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கியிருந்தாள். நர்சிங் படிக்க ஆசை. பழங்குடி ஒதுக்கீட்டில் இடம் நிச்சயம் என்று டீச்சர் சொல்லியிருந்தார். சான்றிதழுக்கு மனுப் போட்டார்கள். விசாரிக்க ஒருவர் வந்தார். வீட்டுக்குள் டிவியைப் பார்த்தார், பீரோவைப் பார்த்தார், யுவஸ்ரீயின் கையிலிருந்த போனைப் பார்த்தார். அவர் முகம் வாடிப்போனது.

“பாம்பு புடிப்பியாம்மா?”

“பயமா இருக்கும் சார்.”

“உன் பொண்ணு?”

“அது கரப்பான்பூச்சிக்கே கத்தும் சார்.”

“சரி, உங்க பாஷையில எதாவது பேசு.”

“இதான் சார் எங்க பாஷ.”

“இது தமிழு.”

“ஆமாங்க சார்.”

அவர் நோட்டில் எழுதிக்கொண்டு போனார். அதுதான் இப்போது கடிதத்தில் வந்திருந்தது: ‘பழங்குடிப் பண்புகள் ஏதும் தென்படவில்லை. மனுதாரர் தமிழைச் சரளமாகப் பேசுகிறார்.’ மேல்முறையீடு செய்தால் மரபு மெய்த்தன்மைக் குழுவிலிருந்து நிபுணர் ஒருவர் நேரில் வருவாராம். இனத்துக்கே உரிய மொழி, சடங்கு, சின்னம் மூன்றையும் அவர் முன்னால் மெய்ப்பிக்க வேண்டுமாம்.

சம்சாத் பேகத்துக்குக் கோபம் வந்துவிட்டது.

“எங்க வூட்டுல ஒருத்தருக்கும் உருது வராது. எங்க மாமியார்கிட்ட யாரோ உருதுல என்னமோ கேட்டதுக்கு, ‘சாப்ட்டோம், நீங்க சாப்ட்டீங்களா’ன்னாங்க. ஆனா எங்கள யாரும் நீ முஸ்லிம்தானான்னு பாஷ கேட்டு டெஸ்ட் வெக்கல அன்பு. வாடகைக்கு வூடு கேட்டா, பேரச் சொன்னதுமே முடிவு பண்ணிடுறாங்க.”

மேல்முறையீட்டு மனு எழுத பழமலைநாதனைப் பிடித்தார்கள். வெளி மாவட்டத்தில் ஏதோ ஒரு அரசு அலுவலகத்தில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை வாசலில் நாற்காலி போட்டு மனு எழுதிக்கொண்டிருந்தார். பணத்துக்காக அல்ல, பென்ஷன் வந்தது. தன் எதிரே யாராவது காகிதத்தோடு நின்றுகொண்டிருந்தால்தான் அவருக்குச் சாப்பாடு இறங்கும்.

“மனு எழுதறது பெரிய விஷயமே இல்லம்மா” என்றார். “நிபுணர் வந்து பாக்குறப்ப நீங்க பாஸாவணும். அதுக்கு நீங்க முதல்ல இருளர் ஆவணும்.”

“நாங்க இருளர்தான் சார்.”

“இந்தப் பேச்சப் பேசித்தான் ஃபெயிலாயிட்ட.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஆற்றங்கரைக்கு வந்துவிட்டார். அன்புக்கரசி, அவள் கணவன் பூபாலன், பக்கத்து வீட்டுப் பார்வதி, அவள் தம்பி ஜெயராஜ் என்று ஏழெட்டுப் பேர் பாயில் உட்கார்ந்தார்கள். பழமலைநாதன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பையிலிருந்து தடித்த ஜெராக்ஸ் கட்டு ஒன்றை எடுத்தார். வெள்ளைக்காரன் காலத்தில் மலைகளில் திரிந்து எவரோ எழுதிய புத்தகமாம். அதில் எழுதியிருப்பதுதான் இருளர். அதில் இல்லாதது இருளர் இல்லை.

“தண்ணிக்கு உங்க மொழியில என்ன?”

“தண்ணி” என்றாள் பார்வதி.

“தப்பு. தண்ணின்னா தமிழு. மறந்துடு. ‘நீரு’ன்னு சொல்லணும்.”

யுவஸ்ரீ கதவோரம் நின்றிருந்தாள். “நீருன்னாலும் தமிழ்தானே சார்?”

“தமிழ்தான். நான் சொன்னா தமிழு. உங்க அம்மா சொன்னா பழங்குடி மொழி.”

பத்து நாள் வகுப்பு நடந்தது. பூபாலனுக்கு ஒரு நடனம் சொல்லிக்கொடுத்தார். சேத்தியாத்தோப்புப் பக்கம் நாளெல்லாம் கரும்பு வெட்டிவிட்டு வந்த மனிதன், சாயங்காலம் ஒற்றைக் காலில் நின்று ‘ஹோய் ஹோய்’ என்று குதித்துவிட்டு, சாப்பிடாமல்கூடப் படுத்துவிடுவான். அன்புக்கரசிக்குப் பாசிமணி வாங்கி வந்தார். ரப்பர் செருப்பு போடக் கூடாது, டிவியைப் போர்வை போட்டு மூட வேண்டும், ‘தேங்க்ஸ்’ சொல்லக் கூடாது. நிபுணர் முன்னால் சொல்லிக்கொடுத்ததைத் தவிர ஒரு தமிழ் வார்த்தை வாயிலிருந்து விழக் கூடாது. அதை மட்டும் மூன்று தடவை சொன்னார்.

“பதில் தெரியலன்னா சும்மா இரு. அவங்க அத மரியாதயா எடுத்துப்பாங்க.”

சின்னத்துக்குத்தான் அவர் திணறினார். புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். கடைசியில் ஒரு படத்தில் விரலை வைத்தார். மங்கலான படம். ஒரு பெண் கையில் கூடையோடு நின்றாள். அவள் முன்கையில் வரிசையாக மூன்று கறுப்புப் புள்ளிகள்.

“இதான்! பச்ச குத்தியிருக்கா பாரு.”

யுவஸ்ரீ வந்து குனிந்து பார்த்தாள். பக்கத்தைத் திருப்பினாள். இன்னொரு பக்கம் திருப்பினாள்.

“சார், இது ஜெராக்ஸ் கறை. கண்ணாடியில அழுக்கு இருந்திருக்கும். எல்லாப் பக்கத்துலயும் இதே எடத்துல இருக்குது. இங்க பாருங்க, யானமேல கூட இருக்குது.”

பழமலைநாதன் யானையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

“அவங்க வளத்த யானையா இருக்கும்” என்றார்.

யுவஸ்ரீ அம்மாவைப் பார்த்தாள். அன்புக்கரசி தரையைப் பார்த்தாள். கவுன்சலிங்குக்கு இன்னும் பதினேழு நாள்தான் இருந்தது.

நிஜமாகப் பச்சை குத்திக்கொள்ள அன்புக்கரசிக்கு மனம் வரவில்லை. சம்சாத் பேகத்திடம் போய் நின்றாள். பேகம் கல்யாணங்களுக்குப் போடும் கறுப்பு மருதாணி கோனை எடுத்து, அவள் இடது முன்கையைப் பிடித்து மூன்று புள்ளி வைத்தார்.

“என் கையால உன்ன இருளர் ஆக்குறேன். அல்லா, என்ன ஊருடி இது” என்று சிரித்தவர், அன்புக்கரசியின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். “ஒரு வாரம் தாங்கும். தண்ணியில ரொம்ப வெக்காத.”

நிபுணர் தர்மராஜ் ஒரு புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு வந்தார். கதர் ஜிப்பா, கழுத்தில் கேமரா. கூடவே குறிப்பெடுக்க ஒரு உதவியாளர். கார் மண் பாதையில் திரும்பியதுமே முதல் வீட்டுப் பெண் உரக்க, “காத்து மாறுது!” என்றாள். வெளியாள் வருகிறான், வீட்டை ஒழுங்கு பண்ணுங்கள் என்று அதற்கு அர்த்தம். போலீஸ் வந்தாலும் அதுதான், காடை வலை பற்றிக் கேட்க வனத்துறை வந்தாலும் அதுதான். அந்தக் கரையில் பிறந்த குழந்தை ‘அம்மா’வுக்கு அடுத்து புரிந்துகொள்ளும் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும். ஒரு நிமிடத்தில் இருபத்திரண்டு டிவிக்கும் போர்வை ஏறியது. நிபுணர் காரிலிருந்து இறங்கிக் காற்றை முகர்ந்தார். “கேட்டீங்களா? காற்றோட திசையை எவ்வளவு நுட்பமா கவனிக்கிறாங்க!” என்றார். உதவியாளர் எழுதிக்கொண்டார்.

விசாரணை நன்றாகவே போனது. தண்ணீருக்கு என்ன என்றார், ‘நீரு’ என்றாள் அன்புக்கரசி. நிபுணர் கண்ணை மூடி அந்தச் சொல்லை ஒருமுறை தானே சொல்லிப் பார்த்தார். பூபாலன் ஒற்றைக் காலில் குதித்தான். நடுவில் ஆட்டம் மறந்து இரண்டு காலிலும் குதித்தான். அதையும் படம் எடுத்துக்கொண்டார்கள். பிறகு அவர் பார்வை அவள் கைக்குப் போனது.

“இது... இது என்ன?”

அன்புக்கரசி பேசவில்லை. பழமலைநாதன் இதற்குச் சொல்லிக்கொடுத்த பதில் அவளுக்கு மறந்துபோயிருந்தது.

தர்மராஜ் உதவியாளரிடமிருந்து ஒரு கட்டைப் பிடுங்கிப் புரட்டினார். அதே புத்தகம். அதே ஜெராக்ஸ். பழமலைநாதனின் பிரதியே குழு அலுவலகத்துப் பிரதியிலிருந்து தெரிந்த ஆள் ஒருவர் மூலம் எடுத்ததுதான் என்பது அங்கிருந்த யாருக்கும் தெரியாது. கூடைக்காரியின் படம் வந்தது.

“நூறு வருஷம்! அதே கை, அதே இடம், அதே மூணு புள்ளி! சொல்லும்மா, இதுக்கு என்ன அர்த்தம்?”

அவள் சும்மா இருந்தாள்.

“நீர், நெருப்பு, நிலம்... அப்படியா?”

அவள் தலையாட்டினாள். அவர் குரலைத் தாழ்த்தி உதவியாளரிடம் சொன்னார்: “எழுதிக்குங்க. புனிதமானதால வாய்விட்டுச் சொல்ல மறுக்கிறாங்க.”

கதவோரம் நின்ற யுவஸ்ரீ வாயைத் துப்பட்டாவால் பொத்திக்கொண்டாள். சிரிப்பா, அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை.

அங்கேயே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தர்மராஜுக்கு ஆறு பின்னணியில் தெரிய ஒரு படம் எடுக்க ஆசை வந்தது. கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து நாணல் புதர்ப் பக்கம் போனார். பாதை ஓரத்தில் நீளமான புல்லை முறுக்கி முடிச்சுப் போட்டு, முடிச்சுக்குள் ஒரு கருவேல முள்ளைச் செருகியிருந்தது. உள்ளே கடந்தைக் குளவி கூடு கட்டியிருக்கிறது, போகாதே என்று அர்த்தம். ஜெயராஜ் அன்று காலையில்தான் கட்டியிருந்தான்.

அன்புக்கரசி பார்த்துவிட்டாள். ‘குளவி’ என்று கத்த வாயைத் திறந்தாள். குளவி தமிழா? தமிழ்தானே? தமிழென்றால் எல்லாம் போச்சே. வேறு எப்படிச் சொல்வது? பழமலைநாதன் குளவிக்குச் சொல்லிக்கொடுக்கவில்லையே. அவளுக்கு அந்த நேரத்தில் தெரிந்த ஒரே பழங்குடிச் சொல் வெளியே வந்தது.

“நீரு! நீரு!”

தர்மராஜ் மகிழ்ச்சியோடு, “ஆமா, ஆமா, நீரு!” என்று ஆற்றைக் காட்டிவிட்டு, படத்தில் குறுக்கே வந்த அந்தப் புல்முடிச்சைப் பிடுங்கி எறிந்து, புதரை ஒதுக்கினார்.

அவரைத் தூக்கிக்கொண்டு வந்து பாயில் போட்டார்கள். ஒரு கண் மூடிக்கொண்டது. உதடு பணியாரம் போலாகிவிட்டது. பார்வதி கொட்டின இடத்திலெல்லாம் சுண்ணாம்பு வைத்தாள். அன்புக்கரசிக்கு, ஒரு மனுஷனைத் தெரிந்தே கொட்ட விட்டுவிட்டோமே என்று அழுகை வந்தது. மொழியாவது மண்ணாவது என்று, “மன்னிச்சிடுங்க சார், தெரிஞ்சிருந்தும் சொல்லாம வுட்டுட்டேன்” என்று நல்ல தமிழிலேயே சொன்னாள். அவர் வலியில் அதைக் கவனிக்கவில்லை.

கொஞ்சம் தெளிந்ததும், “குளவி இருக்குன்னு ஒருத்தரும் சொல்லலையே!” என்றார்.

“சொல்லித்தான சார் வெச்சிருக்குது” என்றாள் பார்வதி. “நீங்கதான் புடுங்கிப் போட்டீங்க.”

“என்னத்தை?”

ஜெயராஜ் போய் அந்த முடிச்சை எடுத்து வந்து காட்டினான். முள் செருகினால் குளவி. வெறும் முடிச்சென்றால் இந்த வரப்பில் எலிக்காக வளை வெட்டியாச்சு, அடுத்த வரப்புக்குப் போ. இரட்டை முடிச்சென்றால் பாம்பு அடைந்திருக்கிறது. முடிச்சின் நுனி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் ஆள் போயிருக்கிறான். அவன் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டே போனான். பஸ் நம்பர் சொல்வது போலச் சொன்னான்.

தர்மராஜின் திறந்திருந்த ஒரு கண் விரிந்தது. பாயில் எழுந்து உட்கார்ந்தார். “எழுதுங்க, எழுதுங்க!” என்று உதவியாளரை அடித்தார். பிறகு ஒரு சந்தேகம் வந்தது. “இது உங்க ஆளுங்களுக்கு மட்டும்தானே தெரியும்?”

“அய்ய, எல்லாருக்கும் தெரியும் சார்” என்றான் ஜெயராஜ் பெருமையாக. “மாடு மேய்க்கிறவங்க, கரும்பு வெட்றவங்க, மோட்டார் போட்டுத் தண்ணி கட்ட வர்ற நாயுடு, எல்லாரும் பாத்துத்தான் நடப்பாங்க. எங்க ஆளுங்க போட்டா நம்பி ஒதுங்கிடுவாங்க. பேகம் அம்மாவுக்கே தெரியும்.”

தர்மராஜ் பெருமூச்சு விட்டார்.

“எழுதினத அடிச்சிடுங்க” என்றார் உதவியாளரிடம். “எல்லாருக்கும் புரியுதுன்னா அது சின்னம் இல்ல.”

கவுன்சலிங்குக்கு இரண்டு நாள் முன்னால் சான்றிதழ் வந்தது. அதோடு குழுவின் அறிக்கை நகலும். சம்சாத் பேகம்தான் படித்தார். ‘மனுதாரரின் இடது முன்கையில் உள்ள முப்புள்ளிச் சின்னம், நீர், நெருப்பு, நிலம் ஆகிய ஆதிசக்திகளைக் குறிப்பதென்றும், தொல்பதிவுகளோடு முற்றிலும் பொருந்துவதென்றும் நிறுவப்படுகிறது. புல்முடிச்சு வழக்கம் அண்டைச் சமூகத்தாரும் அறிந்த வேளாண் பழக்கமாதலால் ஏற்பதற்கில்லை.’

அன்புக்கரசி கையைப் பார்த்தாள். மருதாணி போய் ஒரு வாரமாகியிருந்தது.

யுவஸ்ரீக்குக் கடலூர்ப் பக்கம் ஒரு நர்சிங் காலேஜில் இடம் கிடைத்தது. பெட்டியோடு அவளை பஸ் ஏற்றிவிட்டு வந்த அன்றுதான் பார்வதி ஓடி வந்தாள். பார்வதியின் மகனுடைய மனு திரும்பிவிட்டிருந்தது. காரணம் ஒரு வரிதான்: ‘மனுதாரர் குடும்பத்தாரிடம் முப்புள்ளிச் சின்னம் காணப்படவில்லை.’

அன்புக்கரசியின் அறிக்கை இப்போது அளவுகோலாகிவிட்டது. மூன்று புள்ளி இருந்தால் இருளர். அதற்கப்புறம் என்ன, மருதாணி கோன் எத்தனை தடவைதான் தாங்கும்? ஸ்ரீமுஷ்ணம் திருவிழாவில் மிஷின் வைத்துப் பச்சை குத்துகிற ஆள் ஒருவன் வருவான். மிச்சமிருந்த வீட்டுக்காரர்கள் எல்லாரும் பஸ் பிடித்துப் போனார்கள். கடலூர் மாவட்டத்திலேயே இருக்கும் மங்களூர்ப் பக்கத்திலிருந்தும் சேதி கேட்டு நாலைந்து குடும்பம் வந்திருந்தது. வரிசையில் நின்று கையை நீட்டினார்கள். அன்புக்கரசியும் போனாள். மறுபடி எவனாவது வந்து கையைப் பார்த்தால் மகளின் படிப்பு என்னாவது? ஊசி இறங்கும்போது வலித்தது. அதைவிட, பக்கத்தில் நின்ற மங்களூர்க்காரி, “இது எதுக்குக்கா குத்துறது?” என்று கேட்டதும், தன் வாயிலிருந்து தயங்காமல், “நீர், நெருப்பு, நிலம்” என்று வந்ததும்தான் அவளை உலுக்கியது.

ஜெயராஜின் முறை வந்தபோது கரண்ட் விட்டு விட்டு வந்தது. மிஷின் ஒரு தடவை துள்ளியது. அவன் கையில் நாலு புள்ளி விழுந்துவிட்டது.

அவன் மனுவுக்குப் பதில் வந்தது: ‘தாங்கள் இருளர் இனத்தின் இதுவரை பதிவாகாத நாற்புள்ளி உட்பிரிவைச் சேர்ந்தவராகத் தெரிவதால், தனி ஆய்வு தேவைப்படுகிறது.’ தர்மராஜே இரண்டு தடவை போன் செய்து, நாலாவது புள்ளி ஆகாயமா என்று கேட்டார். ஜெயராஜ், “கரண்டு சார்” என்றான். அவர் ‘மின்னல்’ என்று எழுதிக்கொண்டார்.

முதலில் கரையில் எல்லாரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். ‘என்னா, நாலு புள்ளி’ என்று அவனைக் கூப்பிட்டார்கள். பிறகு குழாயடியில் ஒரு சண்டை வந்தபோது ஒருத்தி, “நாலு புள்ளிக்காரங்களுக்கு வாய் ஜாஸ்தி” என்றாள். பார்வதிக்கு அது சுருக்கென்றது. அவள் கையில் மூன்றுதான் இருந்தது. ஆனாலும் தம்பி தம்பிதானே. அதற்கடுத்து, ஜெயராஜுக்குச் சேத்தியாத்தோப்பில் பேசி வைத்திருந்த பெண் வீட்டிலிருந்து ஆள் வந்தது. டீ குடித்து, நலம் விசாரித்து, வாசலுக்கு வந்தபின் மெதுவாகக் கேட்டார்கள்: “நாங்க மூணு. நீங்க நாலுன்னு கேள்விப்பட்டோம். ஒத்து வருமா?”

சம்சாத் பேகத்தின் யூனிட்டுக்குப் புதுச்சேரிக் கடைக்காரர் ஒருவர் வந்து, இந்த ஊரில் ஏதோ பழங்குடி டிசைன் இருக்கிறதாமே, விளக்கில் போட்டுத் தர முடியுமா என்று கேட்டார். பேகம் முடியாது என்று சொல்லவில்லை. அன்புக்கரசி பிரஷ்ஷை எடுத்து ஒவ்வொரு விளக்கிலும் மூன்று புள்ளி வைத்தாள். ஐந்தாறு விளக்குக்குப் பிறகு பேகம், “ஒன்னுல மட்டும் நாலு வெச்சிடாத. அதுக்குத் தனி ரேட்டு கேப்பான்” என்றார். இருவரும் சிரித்தார்கள். ஆனால் அன்புக்கரசிக்கு அன்று முழுக்க மனசு சரியில்லை.

பொங்கல் லீவுக்கு யுவஸ்ரீ வந்தாள். குழாயடிப் பேச்சு, ஜெயராஜ் கல்யாணம் நின்றது, எல்லாம் பார்வதி சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. வீட்டுக்குள் வந்ததும் முதல் வேலையாக அம்மாவின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை.

“குத்திக்கிட்டியா?”

“எல்லாரும் குத்திக்கிட்டாங்க.”

“ஜெராக்ஸ் அழுக்கும்மா அது!”

“எனக்குத் தெரியாதா? நீ சொன்னப்ப நானும்தான பாத்தேன்.”

“இப்ப அதுக்காக ஒரு கல்யாணம் நின்னு போயிருக்குது. நீ இன்னும் சும்மாவே இருக்கற.”

மறுநாள் யுவஸ்ரீ ஒரு மனு எழுதினாள். நாலு பக்கம், யார் உதவியும் இல்லாமல். எங்கள் இனத்துக்கு மூன்று புள்ளி என்று ஒரு சின்னம் கிடையாது. இது உங்கள் அலுவலகத்து நகலில் விழுந்த கறை. எங்கள் தாய்மொழி தமிழ். நாங்கள் இருளர் என்பதற்கு எங்களைச் சுற்றி வாழ்கிறவர்களைக் கேளுங்கள். கூடவே புல்முடிச்சுகளை வரைந்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அர்த்தம் எழுதியிருந்தாள். எல்லாருக்கும் புரிகிறது என்பதாலேயே ஒன்று எங்களுடையது இல்லாமல் போய்விடுமா என்று கடைசி வரியில் கேட்டிருந்தாள். கவரில் போட்டு ஒட்டினாள்.

சேதி கரை முழுக்கப் பரவிவிட்டது. பத்துப் பதினைந்து பேர் வாசலுக்கு வந்து நின்றார்கள். யாரும் திட்டவில்லை. பார்வதிதான் பேசினாள்.

“பாப்பா, நீ எழுதுனது ஒவ்வொரு வரியும் சத்தியம். ஆனா என் மவனுக்கு இன்னும் வரலியே. இத அவங்க படிச்சா, அப்ப அத்தினி பேரும் ஏமாத்துனாங்கன்னு உன்னுத சேத்து எல்லாத்தயும் ரத்து பண்ணிடுவாங்கடா.”

“பொய்ய வெச்சுக்கிட்டு எத்தினி நாளைக்கு அத்த இருக்கறது?”

“நாம எங்க பொய் சொன்னோம்? நாம இருளர்னு சொன்னப்பதான் நம்பல.”

அன்புக்கரசி மகளின் கையிலிருந்து கவரை வாங்கிக்கொண்டாள். கிழித்துவிடுவாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். யுவஸ்ரீயும் நினைத்தாள். அவள் அதைப் பீரோவுக்குள், சான்றிதழுக்கு மேலேயே வைத்துப் பூட்டினாள்.

“முதல்ல எல்லாருக்கும் கைக்கு வரட்டும்” என்றாள். “வந்த மறுநாளு நானே கொண்டு போயி போடுறேன்.”

“போடுவியா?”

“போடுவேன்டி. எனக்கு மட்டும் எரியலியா?”

யுவஸ்ரீ நம்பினாளா என்று சொல்ல முடியாது. பஸ் ஏறும்வரை அம்மாவோடு அதிகம் பேசவில்லை. ஆனால் ஹாஸ்டலிலிருந்து ஞாயிறுதோறும் போன் செய்கிறாள். சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னால் எத்தனை வந்திருக்கிறது என்று கேட்கிறாள். போன வாரம் பார்வதியின் மகனுக்கு வந்துவிட்டது. இன்னும் ஆறு வீடு பாக்கி. அதில் ஒன்று ஜெயராஜுடையது. அவனுக்கான தனி ஆய்வு எப்போது என்று கேட்டால், நிபுணர் நாற்புள்ளி மக்களைப் பற்றிப் பேச வெளிநாடு போயிருப்பதாக அலுவலகத்தில் சொல்கிறார்கள்.